வடகம் காய்ந்த மலை

எங்கள் தெருக்கோடியில் இருந்ததற்குப் பேர்தான் மலை. புல்லும் முள்ளும் மண்டிய ஒரு பெரிய பாறை, பாதி உயரத்தில் ஒரு சுனை, அவ்வளவுதான். சித்தன்னவாசல் மாதிரி ஓவியமெல்லாம் கிடையாது. மன்னர் காலத்தில் உச்சியில் காவலுக்கு ஆள் நிற்பாராம். நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது சமஸ்தானம் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. காவலும் போய், மலை கேட்பாரற்றுக் கிடந்தது.

எங்கள் வீட்டில் மருமகள் காரணமில்லாமல் வாசல்படி தாண்டக் கூடாது. கோவிலுக்குக்கூட மாமியாரோடுதான். ஆனால் பங்குனி, சித்திரையில் வடகம் போட்டாக வேண்டும். பாறைச் சூட்டில் காய்ந்தால்தான் வடகம் என்பது எங்கள் தெருப் பெண்களின் தீர்மானம். காலையிலேயே கூழ் கிண்டி எடுத்துப் போய், நனைத்த வேட்டியைப் பாறையில் விரித்து ஊற்றுவேன். பிறகு சாயங்காலம் வரை காக்காய் விரட்ட வேண்டும். வெயில் மண்டையைப் பிளக்கும். பிளக்கட்டுமே, எனக்கென்ன? அங்கே உட்கார்ந்தால் அறந்தாங்கி ரோடு தெரியும். மத்தியான பஸ் புழுதி கிளப்பிக்கொண்டு போகும். என் அம்மா வீட்டு வழியாகப் போகிற பஸ் அது. அதைப் பார்த்தால்தான் எனக்கு மூச்சே வரும்.

பிறகு மலையைப் பூங்கா ஆக்கினார்கள். முள்ளை வெட்டினார்கள், படி கட்டினார்கள், சுனையைச் சுற்றிக் கம்பி போட்டார்கள். இனி ஏறுவது சுலபம் என்று நான் மடச்சி மாதிரி சந்தோஷப்பட்டேன்.

அடுத்த பங்குனியில் கூழ்ப்பானையோடு போனேன். கேட் விரியத் திறந்துதான் இருந்தது. வாட்ச்மேன் எழுந்து வந்தார்.

"இனிமே இங்கிட்டு வடகம் காயப்போடக் கூடாது தாயி. சும்மா போயி உக்காருங்க, யாரு வேணாங்குறா?"

"சும்மா உக்கார எங்க வீட்டுல விடுவாங்களா?" என்றேன். அவர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்குத் திரும்பி வந்து சொன்னேன். மாமியார் கொஞ்சங்கூட வருத்தப்படவில்லை.

"விடு ஆத்தா, நல்லதாப் போச்சு. கொல்லையிலயே ஊத்து. ஒனக்கும் அந்த வெயில்ல கெடந்து கருக வேணாம்."

என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கொல்லையில் மூன்று பக்கம் ஆள் உயரச் சுவர், நான்காவது பக்கம் அடுப்படி. பூங்காவில் பிள்ளைகள் கத்தி விளையாடுகிற சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. நான் வடகத்தைப் பார்த்தபடி, இது காயவே கூடாது சாமி என்று வேண்டிக்கொண்டிருந்தேன். காயாமல் ஊசிப்போனால் ஊருக்கு வெளியே வேறு பாறைக்காவது அனுப்புவார்களே.

சில நாள் கழித்து மாமியார் ஒரு கை அள்ளிப் பொரித்தார். ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, இன்னொன்றை என் கையில் வைத்தார்.

"பாறையில காஞ்சதவிட இதுதான் மொறுமொறுன்னு இருக்கு. இத்தன வருசம் ஒன்னைய வீணா அலையவிட்டுட்டேன்."

நானும் கடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் காய்ந்திருந்தது.