நூர்பானு வீட்டு முன் ஆழம்

மேக்னா ஆற்றில் அளவெடுக்கும் படகை ஓட்டுபவன் நான். ஆழம் காட்டும் கருவியின் முன்னால் உட்கார்ந்திருப்பவள் மொர்ஜினா. நல்ல படிப்பு, அதைவிட நல்ல பிடிவாதம். இந்த மழைக்காலத்தில் நடு ஆற்றில் புது மணல்திட்டு எழும்பி, நீரோட்டத்தைக் கிழக்குக் கரைப்பக்கம் தள்ளிவிட்டது. அங்கே போன மாதம் மூங்கில் கழிக்கு எட்டிய ஆற்றுத் தரை இப்போது எட்டவில்லை. மேலே புல் பச்சையாக இருக்கிறது, அடியில் ஆறு குடைந்துகொண்டிருக்கிறது. அந்தக் கரை முனையில்தான் மொர்ஜினாவின் அக்கா நூர்பானுவின் வீடு.

எங்கள் பக்கம் தகர வீடுகளை நட்டு போல்ட்டு போட்டுத்தான் முடுக்குவோம், ஆறு நெருங்கினால் கழற்றிக்கொண்டு ஓடலாம். ஆனால் முதல் ஆளாகக் கழற்ற யாருக்கும் மனசு வராது. ஒரு வீடு கழன்றால் அந்தக் கரைக்கே யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். நூர்பானு மகனுக்கோ வெள்ளிக்கிழமை கல்யாணம். அதற்குள் கரை விழுந்துவிடும், வீட்டைக் கழற்று என்று அக்காவிடம் போய்ச் சொன்னாள் மொர்ஜினா.

“வெள்ளி வரைக்கும் வாயை மூடிட்டு இருடி,” என்றாள் நூர்பானு. “உன் மெஷினுக்காக எம்புள்ள கல்யாணத்தை நிறுத்தணுமா?”

“கல்யாணத்துக்கு வர்றவங்க அந்த முற்றத்துலதானேக்கா உட்காருவாங்க!”

மறுநாள் காலை மொர்ஜினா ஸ்பேனரோடு அக்கா வீட்டுக் கூரைமேல் ஏறித் தகரங்களைக் கழற்ற ஆரம்பித்துவிட்டாள். ஊரே கூடியது.

“தனக்குக் கல்யாணம் ஆகலைன்னு அக்கா மகனுக்கும் ஆகவிட மாட்டா போல!” என்று கூவினாள் பக்கத்து வீட்டுக்காரி.

மதியத்துக்குள் பெண் வீட்டார் ஆள் அனுப்பி, சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நூர்பானு தகரங்களை ஏற்றிக்கொண்டு மைத்துனர் வீட்டுக்குப் போனாள். தங்கையின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

வெள்ளி வந்தது. கரை விழவில்லை. சனி, ஞாயிறும் அப்படியே. தினமும் அந்த வழியாகவே படகை விடச் சொன்னாள் மொர்ஜினா.

“அளவு தப்பா இருக்குமோண்ணே?”

எனக்கு என்ன தெரியும்? அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை பட்டப்பகலில் கரை சரிந்தது. வீடு இருந்த மேடு, முற்றம், பாக்கு மரங்கள் எல்லாம் ஒரே மூச்சில் தண்ணீருக்குள் போயின. மிச்ச மூங்கிலை எடுக்க வந்திருந்த நூர்பானு தள்ளி நின்றதால் பிழைத்தாள்.

படகில் மொர்ஜினா துள்ளி எழுந்தாள். “விழுந்துடுச்சுண்ணே! விழுந்துடுச்சு!”

பரீட்சையில் தேறிய பிள்ளையின் முகம் அது. கரையில் நின்ற அக்காவும் அந்த முகத்தைப் பார்த்துவிட்டாள்.

படகை அருகே விட்டேன்.

“சந்தோஷந்தானேடி?” என்றாள் நூர்பானு.

மொர்ஜினா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.