காமாலை என்று நினைத்த வலி

மகளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகளே, உங்கள் இருவருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். எனக்கும் பாதியில் கூச்சம் வந்துவிடும்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத சமயம். பாகூரில் நம் நிலத்தில் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. உங்கள் அம்மாவுக்குக் காலையில் எழுந்ததுமே குமட்டல். உலை கொதிக்கிற வாசனை பட்டாலே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தோட்டத்துப் பக்கம் ஓடுவாள். வெட்டு ஆட்களுக்குச் சோறு கொண்டுவந்தவள் வரப்பிலேயே உட்கார்ந்து தூங்கிப்போனாள்.

வேறு வருஷமாக இருந்திருந்தால் யாராவது சிரித்துக்கொண்டே காரணத்தைச் சொல்லியிருப்பார்கள். அந்த வருஷம் எங்கள் தெருவில் பல பேருக்குக் காமாலை கண்டிருந்தது. பக்கத்து வீட்டில் இருந்த என் அக்கா, அதுதான் உங்கள் அத்தை, வந்து உங்கள் அம்மாவின் இமையை இழுத்துப் பார்த்தாள்.

"காமாலைதான்டா தம்பி. கண்ணப் பாரு, மஞ்சளா இல்ல?"

எனக்கு வெள்ளையாகத்தான் தெரிந்தது. அவள் சொன்ன பிறகு கொஞ்சம் மஞ்சளாகவும் தெரிந்தது.

நம் பக்கத்தில் காமாலை என்றால் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டார்கள். ஊசி போட்டால் ஆகாது என்பார்கள். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி வெறும் வயிற்றில் குடிப்பது, உப்பில்லாத பத்தியம், அவ்வளவுதான் வைத்தியம். அதனால் காமாலை என்று பெயர் வைத்த அந்த நிமிஷமே டாக்டரிடம் போகிற பேச்சு நின்றுபோனது. உங்கள் அம்மா குடித்த மோரையும் வாந்தி எடுத்தாள். "மருந்து வேலை செய்யுது" என்றாள் அத்தை.

சில நாள் கழித்து அவளுக்குத் துளித்துளியாக ரத்தம் பட்டிருக்கிறது. என்னிடம் சொல்லவில்லை, அத்தையிடம்தான் சொன்னாள். தள்ளிப்போனது வந்துவிட்டது, உடம்பு நேராகிவிடும் என்று அத்தை சந்தோஷப்பட்டிருக்கிறாள். அன்றைக்குச் சாமி விளக்கையும் அத்தையே ஏற்றிவிட்டாளாம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

மறுநாள் நான் வெட்டுக் கத்தி எடுக்க வீட்டுக்கு வந்தேன். உங்கள் அம்மா பாத்திரம் துலக்குகிற இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"பத்தியத்துல இருக்கிற ஒடம்பு, அப்படித்தான் இருக்கும். செத்த படுடி" என்றாள் அத்தை.

உங்கள் அம்மா அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "இது அந்த மாரி வலி இல்லீங்க. ஒரே பக்கமா குத்துது. என்ன டாக்டர்கிட்ட கூட்டினு போங்க."

"டேய், ஊசி கீசி போட்டுடப் போறாங்கடா!"

நான் வண்டியை எடுத்துவிட்டேன். வழியெல்லாம் அவள் என் சட்டையைப் பின்னால் முறுக்கிப் பிடித்திருந்தாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா முதலில் கேட்டது ஒரே கேள்வி: "கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்ச?"

உங்கள் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அருகில் நான் நின்றேனே! எங்கள் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசுகிற பேச்சா அது? அந்த நாட்களில் அவள் சாமி விளக்கைத் தொட மாட்டாள். "இன்னைக்கு நீங்க வெளக்கேத்திடுங்க" என்பாள். எனக்குத் தெரிந்த சேதி அவ்வளவுதான். அங்கே நின்று யோசித்தேன்.

"நான் வெளக்கேத்தி ரெண்டு மாசத்துக்கு மேல ஆவுதுங்க" என்றேன்.

"இன்னாப்பா நீ, இன்னா கேக்கறாங்க, நீ வெளக்கு கிளக்குன்ற" என்று நர்ஸம்மா சீறினார். டாக்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "அவர் சரியாத்தான் சொல்றாரு. யூரின் டெஸ்ட் எடுங்க."

சோதனை அட்டையில் இரண்டு கோடு விழுந்தது, கர்ப்பம்தான். என் முகம் மலர்ந்துபோனது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. வலி ஒரு பக்கம்தானா, ரத்தம் பட்டதா, தலை சுற்றுகிறதா, தோள்பட்டையில் வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் உங்கள் அம்மா தலையாட்டினாள். ஆம்புலன்ஸ் வரவழைத்து எங்களைப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள்.

ஸ்கேனில் தெரிந்தது. கரு கர்ப்பப்பையில் தங்காமல் பக்கத்துக் குழாயில் தங்கியிருந்தது. அங்கே வளர இடமில்லை. குழாய் கிழிந்து உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் தாயே மிஞ்சியிருக்க மாட்டாள் என்றார்கள். அன்றைக்கே ஆபரேஷன். அந்தக் கரு போய்விட்டது, உங்கள் அம்மா கிடைத்தாள்.

கீழாநெல்லியால்தான் இப்படி ஆனதா என்று அத்தை அழுதுகொண்டே கேட்டாள். அதனால் இல்லை, நாளைக் கடத்தியதுதான் ஆபத்து என்றார் டாக்டர்.

ஆகவே பிள்ளைகளே, நாள் தள்ளிப்போய், குமட்டல், அசதி, மார்பகத்தில் வலி, அடிக்கடி ஒன்றுக்குப் போவது என்று வந்தால் வேறு பெயர் வைக்காதீர்கள். மெடிக்கலில் கர்ப்பப் பரிசோதனை அட்டை விற்கிறது. இரண்டு கோடு விழுந்தால் டாக்டரைப் பாருங்கள். ரத்தம் பட்டாலோ, அடிவயிற்றில் வலியோ மயக்கமோ வந்தாலோ, தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டாலோ உடனே கிளம்புங்கள். மகனே, உனக்கும்தான் சொல்கிறேன். இது பெண்கள் சமாசாரம் என்று வெளியே போய் நிற்காதே.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் போயிற்று. ஒரு நாள் நானும் அத்தையும் காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். உங்கள் அம்மா சட்னியை வைத்துவிட்டு, "எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கு. சீக்கிரமே ஸ்கேன் பாக்கணும்னு அன்னைக்கே டாக்டரு சொன்னாங்க. வண்டிய எடுங்க" என்றாள்.

அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆம்பள முன்னாடி பேசற பேச்சாடி இது?"

"வண்டிய அவருதான அண்ணி ஓட்டணும்?"

அத்தை என்னைப் பார்த்தாள். பிறகு என் தட்டைப் பிடுங்கினாள். "இன்னும் இன்னாடா துன்னுகினு இருக்க? எழுந்து வண்டிய எடு!"