என்னைப் புரட்டிப் போட்டால் போகலாம்

வலது கையை முழுதாக நீட்ட முடியவில்லை. கரும்பலகையின் மேல் வரியை எழுத ஸ்டூல் போட்டு ஏற வேண்டியிருக்கிறது. என்ன ஆச்சு டீச்சர் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றேன். பெற்ற மகளோடு மெத்தையில் கட்டிப் புரண்டு தோற்றேன் என்று எந்த டீச்சர் சொல்வாள்?

மகளுக்குப் புனேயில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்ததில் ஆரம்பித்தது எல்லாம். ஹாஸ்டலில் தங்க வேண்டும். என் கணவர் மில்லில் சூப்பர்வைசர். ஆயிரம் பேரை அதட்டுகிறவர், இந்த விஷயத்தில் மட்டும், "அவங்கம்மா சரின்னா எனக்குச் சரிங்க" என்று வீட்டுக்கு வந்த ஒறம்பரைச் சனத்திடமெல்லாம் சொல்லித் தப்பித்துக்கொண்டார். அவள் அம்மாவோ, காந்திபுரத்திலிருந்து மகள் வரும் டவுன் பஸ் பத்து நிமிடம் தாமதமானால் சிங்காநல்லூர் ஸ்டாப்பில் குடையோடு போய் நிற்கிறவள். மழை இல்லாவிட்டாலும் குடை எடுத்துப் போவேன். சும்மா நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே.

"ராத்திரி லேட்டா வர்றப்ப ஒருத்தன் மேல உழுந்து அமுக்குனான்னா என்ன கண்ணு பண்ணுவே?" என்று கேட்டேன். பதில் இல்லாத கேள்வி என்று நினைத்துத்தான் கேட்டேன்.

"அதுக்குத்தானுங்கம்மா இந்தக் கேசட்டு" என்றாள்.

என் அண்ணன் மகன் லீவுக்கு வந்தபோது அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து கொடுத்த வீடியோ கேசட் அது. பிரேசில் நாட்டு ஜியு-ஜிட்சுவாம். அந்த ஊர்க் கேசட் நம் டெக்கில் கறுப்பு வெள்ளையாகத்தான் ஓடும். படம் வேறு மேலே ஏறிக்கொண்டே இருக்கும். முதல் நாள், யார் மேலே இருக்கிறான், யார் கீழே கிடக்கிறான் என்றே எனக்குப் பிடிபடவில்லை. மெல்லப் புரிந்தது. ஒல்லியான ஒருவன் மல்லாந்து கிடக்கிறான். அவனுடைய இரண்டு கால்களுக்கும் நடுவே ஒரு தடியன் மண்டியிட்டிருக்கிறான். ஒல்லியன் தன் கால்களாலேயே தடியனைத் தடுத்து நிறுத்துகிறான். இதற்கு 'கார்டு', அதாவது காவல் என்று பெயர். பிறகு எதையோ இழுத்து எதையோ தள்ள, தடியன் உருண்டு கீழே போகிறான், ஒல்லியன் மேலே வந்துவிடுகிறான். இது ஸ்வீப். வந்த வேகத்தில் தடியனின் கையைப் பிடித்து நீட்டி முழங்கையை எதிர்ப்பக்கம் வளைக்கிறான். தடியன் வலி தாங்காமல் உள்ளங்கையால் தட்டினால் உடனே விட்டுவிட வேண்டும். தட்டியவன் தோற்றவன்.

"இதெல்லாம் டிவியில நடக்கும். எங்கே, என்னையப் புரட்டு பாக்கலாம்" என்றேன். "என்னையப் புரட்டித் தட்ட வெச்சுட்டீன்னா, போ."

என் எடை எழுபத்தெட்டு கிலோ. அவள் நாற்பத்தொன்பது. இருபது வருடமாக நெம்புகோல் தத்துவம் நடத்துகிறேன். ஆனாலும் அன்று நான் நம்பியது எடையைத்தான்.

கட்டிலிலிருந்து இலவம்பஞ்சு மெத்தையை ஹாலில் இறக்கிப் போட்டோம். சட்டையைப் பிடித்து இழுக்கிற வித்தை என்பதால் கணவரின் பழைய காக்கிச் சட்டைகளை ஆளுக்கொன்று போட்டுக்கொண்டோம். எனக்கு அவருடைய பேண்ட்டும், இடுப்பில் இரண்டு ஊக்கும். தினமும் பள்ளி விட்டு வந்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டு நான் மெத்தையில் மண்டியிடுவேன்.

இங்கேதான் கேசட்டில் இல்லாத ஒரு சிக்கல் வந்தது. அந்த ஒல்லியன் எதிராளியின் இடுப்பில் காலை வைப்பான், படிக்கட்டில் வைக்கிற மாதிரி. என் மகளும் என் இடுப்பில் பாதத்தை வைத்தாள். வைத்த மறுநொடி சட்டையைப் பிடித்திருந்த கையை விட்டு, எட்டி என் இடுப்பைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். கால் பட்டால் தொட்டுக் கும்பிட வேண்டும் என்று நடக்கப் பழகும்போதே நான் பழக்கிவிட்டது. புத்தகத்தில் பட்டாலும் செய்வாள், பஸ்ஸில் பக்கத்து ஆள்மேல் பட்டாலும் செய்வாள். அம்மாவின் இடுப்பு என்றால் கேட்க வேண்டுமா? அவள் கும்பிட்டு முடிப்பதற்குள் நான் முழு எடையோடு அவள்மேல் சாய்ந்துவிடுவேன்.

"சாரிங்கம்மா. மறுபடியும்" என்பாள். மறுபடியும் கால், மறுபடியும் கண்ணில் ஒற்றல், மறுபடியும் எழுபத்தெட்டு கிலோ.

நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் ஒருநாள் கேட்டார்: "ஏங்கண்ணு, அந்தக் கேசட்டுக்காரன் ஒருக்காக்கூட கும்பிடக் காணமே?"

"அவன் அவங்கம்மாவ மிதிக்கலீங்கப்பா" என்றாள் அடியிலிருந்து.

சாக்ஸ் போட்டுப் பார்த்தாள். கை கேட்கவில்லை. நடுவில் ஒரு துண்டை வைத்துப் பார்த்தாள். துண்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பத்து நாளில் எல்லாமே அவளுக்குப் பாடமாகிவிட்டது, இந்த ஒன்றைத் தவிர.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். 'பரவாயில்லை, மிதி' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முதல் நாளே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்வரை அவள் எங்கேயும் போகப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. நல்ல பழக்கத்தைக் கெடுக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை கல்லூரியில் சேர வேண்டும். அதற்கு முந்தைய ஞாயிறு காலை, குக்கரில் பருப்பை ஏற்றிவிட்டு வந்து மண்டியிட்டேன். மகள் மெத்தையில் படுக்கவில்லை. என் பின்னால் போய், நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, என் பாதங்களைத் தொட்டாள்.

"என்ன கண்ணு இது?"

"இன்னைக்கு மிதிக்கப்போற மிதிக்கெல்லாஞ் சேத்து இப்பவே கும்பிட்டுப்போட்டேனுங்கம்மா."

விழுந்து கும்பிட்டவளை வாழ்த்தாமல் இருக்க முடியுமா? "நல்லா இரு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பிறகு நடந்தது எனக்குக் கோர்வையாக நினைவில்லை. அவள் படுத்தாள். என் வலது சட்டைக் கையையும் காலரையும் பிடித்தாள். இடுப்பில் பாதம் பட்டது. வழக்கம்போல அவள் கை வருவதற்காகக் காத்திருந்தேன். வரவில்லை. ஒரு கால் என் வயிற்றுக்குக் குறுக்கே வந்தது, இன்னொன்று என் முட்டிக்கு வெளியே தரையோடு படுத்தது. காலர் முன்னால் இழுபட்டது. இரண்டு கால்களும் கத்தரிக்கோல் மாதிரி வெட்டின. ஊன்றலாம் என்றால் வலது கை அவள் பிடியில். அடுத்து நான் பார்த்தது சீலிங் ஃபேன். அதில் ஒட்டடை இருந்தது.

மேலே ஏறி உட்கார்ந்தவளை இரண்டு கையாலும் தள்ளினேன். அப்படித் தள்ளக் கூடாது என்று கேசட்டில் நூறு தடவை பார்த்திருக்கிறேன். கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை என் முகத்துக்குக் குறுக்கே போட்டு, பின்னால் சாய்ந்தாள். முதல் விசில் வந்தது.

"தட்டுங்கம்மா."

"மாட்டேன்."

வெடுக்கென்று கையை உருவப் பார்த்தேன். முழங்கைக்குள் ஏதோ நெறுக்கென்றது. அவள் ஒன்றும் செய்யவில்லை, அது நானாகச் செய்துகொண்டது.

"ரெண்டு விசில் ஆச்சு புள்ள, அடுப்ப அமத்தட்டுமா?" என்றார் சமையலறை வாசலிலிருந்து கணவர்.

"மூணு வரட்டுமுங்க" என்றேன் காலுக்கு அடியிலிருந்து.

"வலிக்குதுங்களாம்மா?"

"இல்ல."

"பொய் சொல்லாதீங்க. ஒடஞ்சு போயிருமுங்க. எனக்குப் பயமா இருக்குது, தட்டுங்க."

அவள் தன் இடுப்பை ஒரு விரற்கடை தூக்கியிருந்தால் போதும், நான் அலறித் தட்டியிருப்பேன். அவள் தூக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள், கொஞ்சமாகத்தான், தளர்ந்தன. எனக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் ஒரே நிமிடம் நான் வாயை மூடிக்கொண்டு கிடந்தால் அவளே விட்டுவிடுவாள். என் கையை மட்டுமல்ல. புனேயிலிருந்து வந்த கடிதத்தை மடித்து பீரோவில் வைத்துவிட்டு, இங்கேயே ஏதாவது படித்துக்கொண்டு, டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவாள். நான் குடையோடு நிற்பேன்.

மூன்றாவது விசில் வந்தது.

தட்டினேன். அவள் முழங்கால்மேல் மூன்று தடவை, கேட்காமல் போய்விடப்போகிறது என்று பலமாக.

"அம்மணி, யாரு செயிச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டே அவர் அடுப்பை அணைத்தார். நாங்கள் இரண்டு பேருமே அழுதுகொண்டிருந்தோம்.

அவள் போய் ஐந்து வாரமாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசுகிறாள். நான் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறேன், அவள் கையைப் பற்றிக் கேட்கிறாள். மெத்தை இன்னும் ஹாலில்தான் கிடக்கிறது. சாயங்காலத்தில் தனியாக அந்தக் கேசட்டைப் போட்டுப் பார்க்கிறேன். வயிற்றுக்குக் குறுக்கே கால் வரும்போதே எழுந்து நின்றிருந்தால் என்னைப் புரட்டியிருக்க முடியாது என்று இப்போது தெரிகிறது.

நேற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒல்லியன் எப்படி அதைச் செய்கிறான் என்று அடியிலிருந்து தெரிந்துகொள்ளத் தோன்றியது. "ஏனுங்க, செத்த வந்து மெத்தையில மண்டி போடுங்க" என்றேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பத்திரமாக டிவிமேல் வைத்துவிட்டு வந்தார். நான் மல்லாந்து படுத்து, அவர் காலரைப் பிடித்து, இடுப்பில் பாதத்தை வைத்தேன். என் கை தானாகக் காலரை விட்டு அவர் இடுப்புக்குப் போனது.

"பரவால்ல புள்ள, மிதி" என்றார்.