கட்டிலுக்குக் கீழே ஒரு கண்ணாடி பாட்டில்

இதில் நான் ஒரு வார்த்தையும் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டத் தேவையும் இல்லை. 1961, மார்கழி மாதம். திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரி. அதன் பெயர் வேண்டாம்.

என் கணவர் தர்மராஜுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். நிமோனியா காய்ச்சல் வந்து, நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டிவிட்டது. டாக்டர் விலா எலும்புகளுக்கு நடுவே துளையிட்டு ஒரு ரப்பர் குழாயைச் செருகினார். குழாயின் மறுமுனை, கட்டிலுக்குக் கீழே தரையில் வைத்த பாட்டிலில், தண்ணீருக்குள் மூழ்கியிருந்தது.

நர்ஸ் அற்புதம்மாள் என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார்.

"குழாய் முனையில இருக்கற கண்ணாடிக் குழலுக்குள்ள தண்ணி ஏறி இறங்குது பாரு. அவர் மூச்சு இழுத்தா ஏறும், விட்டா இறங்கும். வெளிக்காத்து நெஞ்சுக்குள்ள போகாம அந்தத் தண்ணிதான் காவல். பாட்டில் தரையிலயே இருக்கணும். கட்டிலுக்கு மேல தூக்கினா அவ்வளவு தண்ணியும் நெஞ்சுக்குள்ள இறங்கிடும். யார் சொன்னாலும் தூக்காதே."

மாலையில் என் மாமியார் வெள்ளையம்மாள் வந்தார். பாட்டிலைப் பார்த்ததும் கொதித்துவிட்டார்.

"உசுரோட இருக்கறவன் மூச்ச தரையில போட்டு வச்சிருக்கீங்களே! பொணத்தத்தான்டி தரையில கிடத்துவாங்க. எடுத்து மேல வை."

"மேல வச்சா, அப்புறம் நீங்க சொன்ன மாதிரிதான் கிடத்தணும், பெரியம்மா" என்றார் அற்புதம்மாள்.

மாமியார் முறைத்துக்கொண்டே உறையூர் பஸ்ஸுக்குப் போய்விட்டார். அவர் சொன்னது மட்டும் போகவில்லை. எனக்கும் அது சரியென்றே பட்டது. அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

அது ஆண்கள் வார்டு. இரவில் பெண்கள் தங்கக் கூடாது. என் கணவர் நிலைமையைப் பார்த்து எனக்கு மட்டும் அனுமதி கொடுத்திருந்தார்கள். எதிர்க் கட்டிலில் பரக்கத் அலி பாய், ஆஸ்துமாக்காரர். முதுகுக்கு நாலு தலையணை வைத்து இரவெல்லாம் உட்கார்ந்தே இருப்பார். "நான் குதிரை ஜாதிம்மா, படுக்காமத்தான் தூங்குவேன்" என்று சிரித்தார். பிறகு விளக்கைக் குறைத்தார்கள்.

மணி 1.10. ஏதோ சத்தம் கேட்டு விழித்தேன்.

க்ளக்... க்ளக்...

பாட்டிலில் குமிழிகள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி, அற்புதம்மாள் சொல்லிக் கொடுத்தது போல, என் கணவரின் மார்பு ஏறி இறங்குவதை எண்ணினேன். நிமிஷத்துக்கு இருபத்தெட்டு. குனிந்து தண்ணீரை எண்ணினேன்.

நாற்பத்தொன்று.

தப்பாக எண்ணிவிட்டேன் என்று மறுபடி எண்ணினேன். நாற்பத்தொன்றுதான். அவர் வலியில் ஒரு கணம் மூச்சை அடக்கினார். தண்ணீர் அடங்கவில்லை. ஏறியது... இறங்கியது... ஏறியது.

வேறு யாரோ அந்தக் குழாயில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

மணி 1.25. என் கணுக்காலில் ஈரக் காற்று பட்டது. கட்டிலுக்கு அடியிலிருந்து.

"தூக்கி மேல வை."

நான் அசையவில்லை. "சிஸ்டர் கூடாதுன்னாங்க" என்றேன். ஏன் பதில் சொன்னேனோ!

"சிஸ்டருக்கா தாலி கட்டினான்?"

அது என் குரல்.

"பொணத்தத்தான் தரையில வைப்பாங்க... உனக்கு அவன் வேணுமா, வேண்டாமா?"

என் கை பாட்டிலின் கழுத்தைப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தேன், தெரியாது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

ஓடினேன்.

வராண்டாக் கோடியில் அற்புதம்மாள் ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். "சிஸ்டர்... கட்டிலுக்கு அடியில யாரோ..." இருவரும் ஓடி வந்தோம்.

மணி 1.33.

பாட்டில் கீழே இல்லை.

அவர் தலைமாட்டு அலமாரியின் மேல் இருந்தது. பாதிக்கு மேல் காலி.

அவர் உதடு நீலம். வாயில் நுரை. அற்புதம்மாள் இடுக்கியால் குழாயை இறுக்கினார். பாட்டிலை இறக்கினார். டாக்டர் வந்தார். ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டி வந்தார்கள்.

விடியும்வரை என் கணவர் மூச்சுக்குப் போராடினார். ஒரே ஒரு முறை முகமூடியை விலக்கி, நான் நின்ற பக்கம் பார்த்தார்.

"ஏன்டி... தூக்கின?"

5.40க்கு மூச்சு நின்றது.

"இந்தம்மா என்கூட வராண்டாவுல இருந்தாங்க டாக்டர்" என்று அற்புதம்மாள் சொன்னார்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வாடகை வீட்டில் இரண்டு மாதம் அந்தக் கேள்வியோடு கிடந்தேன். நான்தான் கொன்றேன் என்று நம்பியே அவர் போனார். அதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

மாசியில் ஒரு நாள் பரக்கத் அலி பாய் வந்தார். கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றார்.

"நீங்க ஓடினதைப் பார்த்தேன்மா. நீங்க கதவைத் தாண்டறப்பவே கட்டிலுக்கு அடியிலேர்ந்து ஒருத்தி எந்திரிச்சா. உங்க புடவை. உங்க முகம். அவதான் தூக்கினா. கத்தணும்னு பார்த்தேன்... எனக்கு மூச்சு வரலை."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"கடைசியில அவர் கேட்டாரே, அது உங்களை இல்லைம்மா. உங்க பக்கத்துல நின்னவளை."

அழுதேன். வாய்விட்டு அழுதேன். இரண்டு மாதத்தில் அன்றுதான் நெஞ்சு நிறைய மூச்சு விட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்.

"அப்புறம் அவ எங்க போனா, பாய்?"

அவர் வாசற்படிக்குக் கீழே செருப்பைத் தேடினார்.

"உங்க வீட்டுக்காரர் மய்யத்தை வண்டியில ஏத்தினப்ப ஜன்னல் வழியா பார்த்தேன். நீங்க தலைமாட்டுல உட்கார்ந்தீங்க..."

செருப்பை மாட்டிக்கொண்டார்.

"அவ கால்மாட்டுல."

அந்த வீட்டில் நான் தனியாக இருப்பதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன்.