சரோஜா இரண்டு முறை அடித்த பெயர்

செவ்வாய்க்கிழமை காலை சரோஜாவின் மகள் போனில் கூப்பிட்டாள். "அம்மா போயிட்டாங்க சார். உங்களுக்குக் கண்டிப்பாச் சொல்லணும்னு முன்னாடியே சொல்லி வெச்சிருந்தாங்க." போனை வைத்த பிறகு அந்த வார்த்தை என்னை உட்காரவிடவில்லை. ஏன் என்று மில்லில் எங்களோடு வேலை பார்த்த உங்களில் ஒருவருக்கும் தெரியாது.

எண்பதுகளின் நடுவில், சேலத்துக்கு வெளியே இருந்த நம் நூற்பாலையில், கம்ப்யூட்டர் அறை என்பது செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டிய இடம். நான் புரோகிராமர். அம்மாபேட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும் சரோஜா, டைப் அடிக்கும் ஆபரேட்டர். நாங்கள் அடிக்கப் பயன்படுத்திய எடிட்டர் மென்பொருளில் ஒரு வசதி உண்டு. பட்டியலை அடிக்கும் திரையிலேயே கட்டளையையும் எழுதலாம். வரியின் முடிவில் கர்சரை நிறுத்தி ஒரு விசையைத் தட்டினால் அந்த வரி மட்டும் ஓடி, விடை திரையின் அடியில் வந்து நிற்கும். நான் எல்லாவற்றையும் மொத்தமாக ஓட்டிவிட்டு மீசையை முறுக்குகிறவன். நான் செய்வதைப் பார்த்தே கற்றுக்கொண்ட சரோஜா வரிவரியாகத்தான் ஓட்டுவார். "ஒவ்வொண்ணும் என்ன சொல்லுதுன்னு கேட்டுட்டுப் போலாங்க சார்" என்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

அந்த வருடம் தற்காலிகத் தொழிலாளர்களை நிரந்தரமாக்கும் பட்டியலை சரோஜா அடித்தார். வேகத்தில் ஒரே பெயரை இரண்டு தடவை அடித்திருப்பார் என்று நானாகவே முடிவு கட்டி, திரும்ப வரும் பெயர்களை அழிக்க ஒரு கட்டளை எழுதி ஓட்டினேன். அவரிடம் சொல்லவில்லை. மறுநாள் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஏறியது. அன்றே நான்கு மணி ஜீப்பில் அது தலைமை அலுவலகத்துக்குப் போய்விட்டால் பிறகு ஒரு பெயரையும் சேர்க்க முடியாது.

மூன்று மணிக்கு ஷிப்டு மாறியதும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு பெண் நின்றாள். தலைமுடியெல்லாம் பஞ்சு. பெயர் பழனியம்மாள். "ஏனுங்க சாமி, எம் பேரு இல்லீங்களே. நாலு வருசமா ஒரு நா நின்னதில்லீங்க. இத நம்பித்தானுங்க ஊட்டுல அடுப்பெரியுது."

"கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதும்மா. உன் பேரு இதோ இருக்கே" என்றேன், வாய் கூசாமல்.

சரோஜா எழுந்து வந்தார். "அது பள்ளிபாளையத்துப் பழனியம்மாங்க. இவங்க வேற. ரெண்டு பேரையும் நான் அடிச்சேன் சார். நீங்க அதுல என்ன ஓட்டுனீங்க?"

சொன்னேன். அவர் முகம் இறுகிவிட்டது. பட்டியலைத் தொடாமல், காலித் திரையில் பத்துப் பெயர்களை அடித்தார். முதல் இரண்டும் அவருடைய பெயரே, மில்லில் ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கும் டோக்கன் எண் மட்டும் வேறு. என் கட்டளையை ஒவ்வொரு வரியாக ஓட்டினார். முதல் வரி சரி. இரண்டாவதும் சரி. மணி மூன்றரை. வெளியே டிரைவர் ஜீப்பைக் கிளப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். "சீக்கிரம்!" என்று கத்தினேன். அவர் திரும்பவே இல்லை. மூன்றாவது வரிக்கு விடை வந்தது: இரண்டும் ஒன்றே. நான் பெயரை மட்டும் ஒப்பிட்டிருந்தேன், டோக்கன் எண்ணைப் பார்க்கவே இல்லை. தெருவுக்கு நாலு பழனியம்மாள் இருக்கிற ஊரில்! நான்காவது வரியில் ஒரு சரோஜா காணாமல் போனார்.

"பாத்தீங்களா, என்னையும் தூக்கிட்டீங்க" என்றார்.

மொத்தம் ஏழு பேர் போயிருந்தார்கள். நல்லவேளை, நான் கைவைப்பதற்கு முந்தைய நகல் இருந்தது. அதை அச்சடித்து, ஓடிப்போய் ஜீப்பில் கொடுத்தோம்.

திரும்பி வந்தால், பட்டியல் மாறிய விஷயம் தெரிந்து மேனேஜர் நிற்கிறார். "ஏழு பேரை விட்டுட்டு அடிச்சிருக்கியேம்மா, கண்ணு எங்க இருந்துச்சு?" என்று எல்லோர் முன்னாலும் சரோஜாவைப் பிடித்துக்கொண்டார். சரோஜா என்னைப் பார்த்தார். நான் பிரிண்டரில் காகிதத்தைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். அவரும் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு பல வருடங்கள் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தோம். ஒருநாளும் அவர் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

இன்றும் எதை எழுதினாலும், முதலில் காலித் திரையில் என் பெயரை இரண்டு தடவை அடித்து, வரிவரியாக ஓட்டிப் பார்க்கிறேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது. திருப்பிக் கொடுக்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. அன்று மேனேஜர் முன்னால் சொல்லாததை உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். சரோஜா ஒரு பெயரையும் விடவில்லை. அழித்தவன் நான்.