எந்தக் கார்டிலும் இல்லாதவன்

யுத்த காலம். ரேஷன் வந்திருந்தது. தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் கோப்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு, மனைவி போன பிறகு திருச்சுழியில் தனியாக இருந்தேன். அருப்புக்கோட்டையில் மருமகளுக்கு இரண்டாவது பிரசவம். அவளால் எழுந்து நடமாட முடியவில்லை. "நீங்க வந்தாத்தான் ஆகும்ப்பா" என்று மகன் வந்து நின்றான். போனேன்.

போகுமுன் என் ரேஷன் கார்டை முறைப்படி ஒப்படைத்து, அதற்குச் சான்றும் வாங்கிக்கொண்டேன். ஊர் மாறுகிறவன் அப்படித்தான் செய்ய வேண்டும். செய்த ஒரே மடையன் நானாகத்தான் இருப்பேன். செத்தவர்கள் பேரிலும் அரிசி வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. உயிரோடிருந்த நான் எந்தக் கார்டிலும் இல்லை.

மகன் கார்டில் என் பேரைச் சேர்க்க மனுவை நானே எழுதி, சான்றை இணைத்து அவனிடம் கொடுத்தேன். குடும்பத் தலைவராக அவன் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. "போடுறேம்ப்பா" என்றான். மனு காலண்டருக்குப் பின்னால் நான்கு மாதம் கிடந்தது.

அந்த நான்கு மாதமும் ஊருணியில் தண்ணீர் எடுத்தவன் நான். பெரியவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, சின்னவனுக்குத் தொட்டில் ஆட்டி, சனிக்கிழமை தவறாமல் ரேஷன் கடை வெயிலில் நின்றேன். அந்த அரிசி எனக்காக அளந்ததல்ல என்பதால் கம்பங்கூழோடு நிறுத்திக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை வரிசையில் பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னாள்: "ஒங்க மகன் தங்கமானவுகய்யா. ஒரு வாய் கூடிப்போச்சு, இருந்தாலும் அப்பாவ வச்சுக் காப்பாத்துறேன்னு சொன்னாக."

வீட்டுக்கு வந்து அரிசிப் பையை இறக்கி வைத்தேன். "கையெழுத்து ஏன் போடல?"

"பேரு ஏறிட்டா அப்புறம் இங்கேயேன்னு ஆயிரும்லப்பா. புள்ள கொஞ்சம் பெருசானா நீங்க கெளம்பிருவீகன்னுதான்..."

காலண்டருக்குப் பின்னாலிருந்த காகிதத்தை உருவிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

திருச்சுழியில் புது மனு எழுதினேன். குடும்ப உறுப்பினர்: ஒருவர். குடும்பத் தலைவர்: நான். கையெழுத்து அன்றைக்கே விழுந்தது.

மறுவாரம் மகன் வந்தான். "சனிக்கெழம வரிசையில யாருப்பா நிப்பா?"

"குடும்பத் தலைவரே நேர்ல போய் வாங்கலாம். விதியில தடையில்ல."

அவன் எழுந்து செருப்பை மாட்டினான். சின்னவன் குப்புற விழுந்தானா என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.