சாக மறுத்த ஈஸ்ட்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் காலை ரயிலைப் பிடித்துச் சிதம்பரம் போவாள் ஸ்ரீமதி. பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ஈஸ்ட் எப்படி மூப்படைகிறது என்று பார்ப்பது அவள் வேலை. பேக்கரியில் மாவைப் பொங்க வைக்கும் அதே ஈஸ்ட்தான். பட்டினி போட்டால், அந்தச் செல் தனக்குள் பழுதான பாகங்களைத் தானே தின்று பிழைத்துக்கொள்ளும். ஆட்டோபேஜி என்று அதற்குப் பெயர். அது முடியாத செல் சீக்கிரம் செத்துவிடும். இதில் ஒரு சின்ன மூலையைத் துலக்கவே ஸ்ரீமதிக்குப் பல வருஷம் ஆயிற்று.

பிறகு ஷமீனா ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். பரங்கிப்பேட்டையில் ரயில் ஏறி, ஸ்ரீமதி பிடித்து வைத்த இடத்தில் வந்து உட்காருவாள். ஆட்டோபேஜிக்கான மரபணுவை நீக்கிய ஈஸ்ட்டை அவள் வளர்த்தாள். சீக்கிரம் சாக வேண்டிய அது, சாதாரண ஈஸ்ட்டெல்லாம் செத்த பிறகும் உயிரோடு இருந்தது.

பேராசிரியர் திருநாவுக்கரசு தன் அறையிலிருந்து எழுந்து வந்தார். “என்னம்மா இது! பாடப் புத்தகத்தையே மாத்தணும் போலருக்கே!”

ஸ்ரீமதி வளர்த்ததைப் பார்க்க அவர் ஒருநாளும் எழுந்து வந்ததில்லை.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ரயிலில் இடம் பிடித்து வைப்பதை நிறுத்தினாள். ஷமீனா சிரித்தாலே எரிச்சலாக வந்தது. வீட்டில் அம்மா மலர்க்கொடி, “அந்தப் பொண்ணு பேரு பெரிய பத்திரிகையில வரப்போவுதாமே, உன்னுது எப்ப வரும்?” என்று கேட்டதும் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனாள்.

அந்தச் சமயத்தில் ஷமீனாவின் அண்ணனுக்கு நிக்காஹ் வந்தது.

“ஒரு வாரம் வர மாட்டேன்க்கா. என்னோட ஈஸ்ட்ட பாத்துக்குங்க. ஒங்கள வுட்டா நான் யார நம்புறது?”

ஸ்ரீமதி பார்த்துக்கொண்டாள். ஏதாவது தப்பு இருக்காதா என்றே பார்த்தாள். மைக்ராஸ்கோப்பில் செல்கள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாகத் தெரிந்தன. நீக்கிய மரபணுவின் இடத்தில் ஷமீனா வேறொரு மரபணுவை வைத்திருந்தாள்; அது உள்ள ஈஸ்ட் மட்டுமே தாக்குப்பிடிக்கும் மருந்தை வளர்ப்புத் தட்டில் கலந்து, அதில் இந்தச் செல்களைத் தடவி வைத்தாள் ஸ்ரீமதி. ஒரு புள்ளிகூட முளைக்கவில்லை. வேறு ஏதோ ஈஸ்ட் கலந்திருக்கிறது! அவளுக்குச் சிரிப்பு வந்தது. வெகுநாள் கழித்து அன்று நன்றாகச் சாப்பிட்டாள்.

ஷமீனாவுக்கு அவள் போன் செய்யவில்லை. ஷமீனா திரும்பி வந்து, எல்லோரும் கூடிய கூட்டத்தில் எழுந்து தன் ஈஸ்ட்டைப் பற்றிப் பேசும்வரை காத்திருந்தாள்.

“சார், இது ஷமீனாவோட ஈஸ்ட்டே இல்ல. வெளியிலேர்ந்து எதுவோ பூந்துருக்கு.”

ஷமீனாவின் முகம் வெளுத்தது. மாலையில் ஸ்டேஷனில்தான் பேசினாள்.

“ஒங்களுக்கு எப்பக்கா தெரியும்?”

“போன வாரம்.”

“ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?”

ரயில் வந்ததும் ஸ்ரீமதி வேறு பெட்டியில் ஏறிக்கொண்டாள்.

அந்த ஈஸ்ட்டைக் கொட்டிவிடச் சொன்னார் பேராசிரியர். ஷமீனா ஒப்புக்கொள்ளவில்லை. “சார், என்னுது இல்லன்னா, இவ்ளோ நாளு உசுரோட இருந்தது எது?”

தப்பைக் கண்டுபிடித்த ஸ்ரீமதிக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை. மற்ற எதையும்விட அதுதான் அவளைச் சுட்டது.

எங்கிருந்தோ வந்து ஒட்டிய காட்டு ஈஸ்ட் அது என்று ஷமீனா கண்டறிந்தாள். பட்டினிக்குக் காத்திராமல், வயிறார உணவு இருக்கும்போதே அது தன் பழுதைத் தின்று சுத்தம் செய்துகொண்டது; அதனால்தான் நெடுநாள் பிழைத்தது. அதைப் பற்றிய கட்டுரையில் ஷமீனாவின் பெயருக்கு அடுத்து ஸ்ரீமதியின் பெயர் வந்தது. “வேற ஈஸ்ட்டுன்னு கண்டுபுடிச்சது அவுங்கதான் சார்” என்று ஷமீனாதான் வற்புறுத்திச் சேர்த்தாள். பிச்சை வாங்கியது போலிருந்தது ஸ்ரீமதிக்கு.

ஷமீனாவுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்தது. கிளம்பும்போது காட்டு ஈஸ்ட் இருந்த குழாய்களை ஸ்ரீமதியிடம் கொடுத்தாள்.

“இத நீங்க பாருங்கக்கா. இதுல இன்னும் நெறைய இருக்கு.”

ஸ்ரீமதி வாங்கிக்கொண்டாள். நன்றி என்று மட்டும் சொன்னாள்.

இன்று அந்த ஈஸ்ட்டைப் பற்றிக் கேட்க வெளியூரிலிருந்தும் அவளைத் தேடி வருகிறார்கள். ஜெர்மனியிலிருந்து மெயில் வந்தால், ஷமீனா புதிதாக ஏதாவது கண்டுபிடித்திருக்கிறாளா என்றுதான் முதலில் தேடுகிறாள். ஒன்றும் இல்லையென்றால், மெயிலின் தொடக்கத்துக்குத் திரும்பிப் போய், “அக்கா, நல்லா இருக்கீங்களா?” என்பதிலிருந்து நிதானமாகப் படிக்கிறாள்.